முதல் தேர்வில் எனக்குக் கவலை இல்லை, ஒன்பதில்தான் இருக்கிறது

"அமெரிக்கக் கால்பந்தில் சிகாகோ பேர்ஸ் அணிக்கு இந்த ஆண்டு டிராஃப்டில் முதல் தேர்வும் ஒன்பதாம் தேர்வும் இருக்கிறதாமே, அது எப்படி? ஐபிஎல் ஏலம் போன்றதுதானா? யாரை எடுக்க வேண்டும் என்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதை 2024 ஏப்ரல் நடுவில் எழுதுகிறேன்; டிராஃப்ட் தொடங்கும் ஏப்ரல் 25-க்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. என் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். கேட்டு மாட்டிக்கொண்டது நீங்கள்தான்.

ஏலத்தை மறந்துவிடுங்கள். டிராஃப்டில் யாரும் விலை கூறுவதில்லை. முறை வைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கிறார்கள். என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில் 32 அணிகள், ஏழு சுற்றுகள், இந்த ஆண்டு மொத்தம் 257 தேர்வுகள். சென்ற பருவத்தில் கடைசியில் நின்றவருக்கு முதல் முறை, சாம்பியனுக்குக் கடைசி முறை. கல்லூரியிலிருந்து வரும் பையனுக்கு "எனக்கு இந்த அணிதான் வேண்டும்" என்று சொல்ல வழியில்லை. சம்பளம்கூட எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முன்பே தீர்மானமாகிவிடுகிறது. 2010-ல் முதல் தேர்வாக வந்த சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். அடுத்த ஆண்டே விதி மாறியது. 2011-ல் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடிதான். அதிலிருந்து நல்ல குவார்ட்டர்பேக் ஒருவரை டிராஃப்டில் பிடித்துவிட்ட அணிக்கு நான்கு ஆண்டு யோகம். அவருக்குக் கொடுப்பது குறைவு. மிச்சத்தை வைத்து மற்ற இடங்களை நிரப்பிக்கொள்ளலாம். (குவார்ட்டர்பேக் என்பவர் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று மூன்று வினாடிக்குள் முடிவெடுக்கும் ஆள். அணியின் தலைவிதி அவர் தோளில்தான்.)

ஆனால் ஓர் அணி தன் முறையை இன்னோர் அணியோடு மாற்றிக்கொள்ளலாம், வீரருக்குப் பதிலாகக் கொடுக்கலாம், அடுத்த ஆண்டின் முறையைக்கூட இன்றே கொடுத்துவிடலாம். எங்கள் கதை அப்படி வந்ததுதான்.

2022 பருவத்தில் பேர்ஸ் 17 ஆட்டங்களில் 14-ல் தோற்றது. அப்போதும் கடைசி இடம் எங்களுக்கு உறுதியாகவில்லை. ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் எங்களைவிட மோசமாக இருந்தது. கடைசி நாளில் ஹூஸ்டன் இண்டியானாபொலிஸை 32-31 என்று வென்று, முதல் தேர்வை எங்களிடம் தள்ளிவிட்டது. அன்று அந்த அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? லவி ஸ்மித். 2004 முதல் 2012 வரை எங்களுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். அன்றிரவே அவரை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். சிகாகோவில் அவருக்குச் சிலை வைக்கலாம் என்று நான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிடைத்த முதல் தேர்வை எங்கள் பொது மேலாளர் ரயன் போல்ஸ் 2023 மார்ச்சில் கரோலினா பாந்தர்ஸுக்குக் கொடுத்தார். பதிலுக்கு அந்த ஆண்டின் 9-ஆம், 61-ஆம் தேர்வுகள், 2024-ன் முதல் சுற்றுத் தேர்வு, 2025-ன் இரண்டாம் சுற்றுத் தேர்வு, இவற்றோடு டி.ஜே. மூர் என்ற ரிசீவர் (எறிந்த பந்தை ஓடிப் பிடிப்பவர்). மூர் வந்த முதல் பருவத்திலேயே பந்தைப் பிடித்து 1,364 கெஜம் முன்னேறினார். கரோலினா முதல் தேர்வில் பிரைஸ் யங்கை எடுத்து, 2 வெற்றி 15 தோல்வி என்று லீக்கின் அடிமட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எனவே அவர்கள் கொடுத்த அந்த '2024-ன் முதல் சுற்றுத் தேர்வு' இப்போது மொத்த டிராஃப்டுக்கே முதல் தேர்வு. ஒன்பதாவது எங்கள் சொந்தச் சம்பாத்தியம்: 7 வெற்றி, 10 தோல்வி.

முதல் தேர்வு உறுதியான நாள் 2023 டிசம்பர் 31. நான் சோல்ஜர் ஃபீல்டில் மேல் அடுக்கில் இருந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது, கையுறையைக் கழற்றிக் கைப்பேசியைப் பார்ப்பதற்குள் விரல் மரத்துப்போனது. கீழே நாங்கள் அட்லாண்டாவை 37-17 என்று அடித்துக்கொண்டிருந்தோம். கைப்பேசியில் ஜாக்சன்வில், கரோலினாவை 26-0 என்று புதைத்துக்கொண்டிருந்தது. கரோலினாவின் ஒவ்வொரு தோல்வியும் எங்களுக்கு லாபம் என்பதால் அந்தப் பருவம் முழுக்க இரண்டு ஆட்டம் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. புதிய குவார்ட்டர்பேக் வரப்போகிறார் என்று முடிவான அதே மணி நேரத்தில், அரங்கம் முழுவதும், அப்போது ஆடிக்கொண்டிருந்த குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸின் பெயரைச் சொல்லி, "ஃபீல்ட்ஸ்தான் வேண்டும்" என்று முழங்கியது. நானும் சேர்ந்து கத்தினேன். என் பக்கத்து இருக்கைக்காரர் என் கைப்பேசியை எட்டிப் பார்த்து, கரோலினா மதிப்பெண்ணைக் கண்டு சிரித்துவிட்டு, மீண்டும் கத்தத் தொடங்கினார். பேர்ஸ் ரசிகர்களின் மனநிலையை இதைவிடச் சரியாக என்னால் விளக்க முடியாது.

ஃபீல்ட்ஸ் போய்விட்டார். மார்ச் 16 அன்று பிட்ஸ்பர்க்குக்கு, நிபந்தனையோடு கூடிய ஓர் ஆறாம் சுற்றுத் தேர்வுக்காக. 2021-ல் அவரை 11-ஆவதாக எடுப்பதற்கு நாங்கள் கொடுத்தது அந்த ஆண்டின் முதல் சுற்று, அடுத்த ஆண்டின் முதல் சுற்று, அதற்கு மேல் இரண்டு தேர்வுகள். வாங்கிய விலையையும் விற்ற விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே மனம் வரவில்லை.

முதல் தேர்வு கேலப் வில்லியம்ஸ். இதில் விவாதமே இல்லை. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக், 2022-ல் கல்லூரி ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்றவர். அந்த ஆண்டு எதிரணி எல்லைக்குள் சேரும் டச்டவுன் எறிகள் 42 எறிந்து, ஐந்தே ஐந்து பந்துகளை எதிரணியிடம் பறிகொடுத்தார். சென்ற ஆண்டு அவருடைய அணி சரிந்தது, நோட்ரே டேமிடம் 48-20 என்று தோற்ற இரவில் அவர் மூன்று பந்துகளைப் பறிகொடுத்தார். இன்னோர் ஆட்டம் தோற்றபின் பார்வையாளர் வரிசையில் நின்ற தாயின் தோளில் முகம் புதைத்து அழுதார். நகத்துக்குச் சாயம் பூசுகிறார், தோற்றால் அழுகிறார், இவரா தலைவர் என்று கேட்கிறவர்களை இங்கே தினமும் கேட்கிறேன். எங்கள் அணிக்கு 1939-ல் வந்த சிட் லக்மனுக்குப் பிறகு, பத்தாண்டு நம்பி நிற்கக்கூடிய ஒரு குவார்ட்டர்பேக் டிராஃப்டில் கிடைத்ததில்லை. தோற்றால் அழுகிற ஒருவர் வரட்டுமே. தோற்றுத் தோற்று மரத்துப்போனவர்கள் நாங்கள். எங்களுக்கு அது புதிதாக இருக்கும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் ஒரு கணக்கு. ஒரு பருவத்தில் 4,000 கெஜம் எறிந்த குவார்ட்டர்பேக் ஒருவர்கூட இல்லாத ஒரே அணி பேர்ஸ். 2023 பருவம் முடிந்தபோதும் எங்கள் சாதனை எரிக் கிரேமர் 1995-ல் எறிந்த 3,838தான். பக்கத்து மாநிலத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் ஃபார்வ், ரோஜர்ஸ், லவ் என்று ஒருவர் பின் ஒருவராக முப்பது ஆண்டுகளாக அறுவடை செய்கிறது; 2023 பருவம் முடியக் கடைசியாக ஆடிய பத்து ஆட்டங்களிலும் எங்களை வென்றது. 2017-ல் நாங்கள் மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஒரே ஒரு படி ஏறுவதற்கு மூன்று கூடுதல் தேர்வுகளைக் கொடுத்து மிட்ச் ட்ருபிஸ்கியை எடுத்தோம். பின்னாளில் லீக்கின் தலைசிறந்த குவார்ட்டர்பேக்குகளில் ஒருவரான கான்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ் அன்று பத்தாவதாகப் போனார். போதும், இதற்கு மேல் எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

இனி ஒன்பது. சிகாகோவில் இப்போது அலுவலகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் அடிபடுகிற பேச்சு இதுதான். பத்தில் எட்டுப் பேர் சொல்வது, "இன்னொரு ரிசீவரை எடு." வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோம் ஒடுன்சே அந்த இடத்தில் இருப்பார் என்று நம்புகிறார்கள். சென்ற பருவத்தில் 92 பந்துகளைப் பிடித்து 1,640 கெஜம் எடுத்தவர். கல்லூரி முதல் பிரிவில் அதுவே அதிகம். உயரமானவர், நெருக்கத்திலும் பந்தைப் பறித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனாலும் என் ஓட்டு அவருக்கு இல்லை. பென் ஸ்டேட்டின் இடது டேக்கிள் ஓலு ஃபஷானுவுக்கு.

ஏன் என்பதற்கு 2021 செப்டம்பர் 26-ஐச் சொல்ல வேண்டும். கிளீவ்லாந்தில் ஃபீல்ட்ஸின் முதல் முழு ஆட்டம். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல நிற்பார்கள். இரு கோடியில் நிற்பவர்கள் டேக்கிள்கள். அதில் இடது கோடியில் நிற்பவர்தான், வலது கையால் எறியும் குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காப்பவர். அவர் தவறினால் அடி எங்கிருந்து வருகிறது என்றே எறிபவருக்குத் தெரியாது. அன்று அந்த இடத்தில் நின்றவர் ஜேசன் பீட்டர்ஸ். ஒருகாலத்தில் லீக்கின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். அன்று வயது 39. அந்த இடத்துக்கென்று இரண்டாம் சுற்றில் எடுத்த டெவன் ஜென்கின்ஸ் முதுகு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்தார். எதிரில், குவார்ட்டர்பேக்கை விரட்டி வீழ்த்துவதில் பெயர்பெற்ற மைல்ஸ் காரெட். வீட்டுச் சோபாவின் நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை ஃபீல்ட்ஸ் பந்தோடு விழுத்தாட்டப்பட்டபோது கத்தினேன். ஆறாவது முறை ஒலியைக் குறைத்தேன். மொத்தம் ஒன்பது முறை விழுத்தாட்டினார்கள். அதில் பாதி காரெட்டின் கணக்கு. எறிந்து எடுத்த 68 கெஜத்தில், விழுந்து இழந்த 67 கெஜத்தைக் கழித்தால் மிச்சம் ஒன்று. ஒரு முழு ஆட்டத்துக்கு ஒரு கெஜம். ஃபீல்ட்ஸ் எழுந்து தலைக்கவசத்தில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூன்று பருவத்தில் அவரை 135 முறை தரையில் தள்ளினார்கள். அதில் பாதி அவர் தவறு, பந்தை நெடுநேரம் கையில் வைத்துக்கொள்வார் என்பார்கள். உண்மைதான். ஆனால் இந்தச் சொல்லையே கேலப் வில்லியம்ஸைப் பற்றியும் சொல்கிறார்களே! அவருடைய அழகே அதுதான்: ஆட்டம் உடைந்தபின், ஓடி விலகி, எவரும் எதிர்பாராத கோணத்தில் எறிவது. அதற்கு அவருக்கு நான்காவது வினாடி வேண்டும். அந்த நான்காவது வினாடியை வாங்கித்தருவது ரிசீவர் அல்ல.

எங்களுக்கு இப்போது இடது டேக்கிளாக இருப்பவர் பிராக்ஸ்டன் ஜோன்ஸ். 2022-ல் ஐந்தாம் சுற்றில் வந்தவர். அந்த விலைக்கு மிக நல்ல சரக்கு. சென்ற ஆண்டு கழுத்துக் காயத்தால் சில வாரங்கள் உட்கார்ந்தார். வலப்பக்கம் டார்னெல் ரைட், சென்ற ஆண்டின் பத்தாவது தேர்வு, அங்கே கவலையில்லை. 'ஜோன்ஸ் போதும்' என்பவர்களிடம் நான் கேட்பது, 2021-லும் 'பீட்டர்ஸ் போதும்' என்றுதானே சொன்னோம்?

ரிசீவர் பக்கம் நிலைமை வேறு. மூர் இருக்கிறார். கடந்த மாதம் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வைக் கொடுத்துச் சார்ஜர்ஸிடமிருந்து கீனன் ஆலனை அழைத்து வந்திருக்கிறோம். சென்ற பருவத்தில் 13 ஆட்டங்களில் 108 பந்து பிடித்தவர். அவருடைய ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது, டிராஃப்டின் கடைசி நாளான ஏப்ரல் 27 அன்று அவருக்கு 32 வயது நிறைகிறது. ஆகவே அடுத்த ஆண்டு ரிசீவர் தேவைப்படும் என்பதை மறுக்கவில்லை. அது அடுத்த ஆண்டின் பசி. சுவர் இந்த ஆண்டின் பசி.

போல்ஸுக்கே இது தெரியாமல் இருக்க முடியாது என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே நம்பிக்கை. அவர் பாஸ்டன் காலேஜில் அந்தச் சுவரில் நின்று ஆடியவர். பிறகு கான்சஸ் சிட்டியில் பல ஆண்டுகள் வீரர்களைத் தேடும் வேலையில் இருந்தார். 2021 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற லீக்கின் இறுதி ஆட்டத்தில் அந்த அணி டாம்பாவிடம் 31-9 என்று தோற்றபோது, இரு கோடியிலும் வழக்கமான டேக்கிள்கள் காயம்பட்டு இல்லாததால் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க உயிர் தப்ப ஓடிக்கொண்டிருந்தார். அந்தக் கோடையிலேயே கான்சஸ் சிட்டி ஐந்து பேர் சுவரையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியது. 2023 பிப்ரவரியில், அந்தப் பருவத்தில் 70 முறை குவார்ட்டர்பேக்குகளை விழுத்தாட்டியிருந்த ஃபிலடெல்ஃபியா, சூப்பர் பவுலில் மஹோம்ஸை ஒரு தடவைகூடத் தொட்டு வீழ்த்த முடியவில்லை. சுவர் கட்டப்பட்ட அந்த ஆண்டில் போல்ஸ் அந்த அலுவலகத்தில்தான் இருந்தார்.

யார் மிச்சம் இருப்பார்கள் என்பது மேலே நடப்பதைப் பொறுத்தது. எங்களுக்குப் பின் வாஷிங்டன், நியூ இங்கிலாந்து என்று இரண்டு அணிகளும் குவார்ட்டர்பேக் தேடுகின்றன. முதல் எட்டில் எத்தனை குவார்ட்டர்பேக் போகிறார்களோ, அத்தனை நல்ல ஆட்கள் ஒன்பதுக்கு உருண்டு வருவார்கள். நான்கு பேர் போனால் எங்களுக்குத் தீபாவளி. ரிசீவர்களில் மார்வின் ஹாரிசன் ஜூனியரோ மலிக் நேபர்ஸோ தப்பித்தவறி இறங்கி வந்தால் மேலே எழுதியது அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டு அவரை எடுப்பேன். அது நடக்காது. நோட்ரே டேமின் டேக்கிள் ஜோ ஆல்ட் ஒன்பதுக்கு வருவதும் சந்தேகம்தான். அப்பா ஜான் ஆல்ட் கான்சஸ் சிட்டிக்குப் பதின்மூன்று பருவம் டேக்கிளாக ஆடியவர். பையன் கிட்டத்தட்ட ஏழடி. ஐந்தாம் இடத்தில் சார்ஜர்ஸுக்கு இப்போது பயிற்சியாளர் ஜிம் ஹார்பா, 1987-ல் எங்கள் முதல் சுற்றுக் குவார்ட்டர்பேக்காக வந்த அதே ஆள். முதுகில் அடி வாங்கிப் பழகியவர்; ஆல்ட்டை விட்டுவைப்பாரா?

எதிரணிக் குவார்ட்டர்பேக்கை விரட்டுகிறவர் இன்னொருவர் வேண்டும் என்கிற கட்சியும் உண்டு. டாலஸ் டர்னர், ஜாரட் வெர்ஸ், லையாட்டு லாட்டு என்று பெயர்கள் உலவுகின்றன. மான்டெஸ் ஸ்வெட் ஒருவரையே நம்பியிருக்கிறோம் என்பது நியாயமான வாதம். எனக்கு அது இரண்டாம் பட்சம்.

ஒன்பதை விற்றுக் கீழே இறங்கு என்பவர்களோடுதான் எனக்கு உண்மையான சண்டை. அவர்களுடைய கணக்கு புரிகிறது: எங்களிடம் இருப்பது மொத்தம் நான்கே தேர்வுகள், 1, 9, 75, 122. இரண்டாம் சுற்று ஸ்வெட்டுக்காக வாஷிங்டனுக்குப் போய்விட்டது. ஒன்பதிலிருந்து ஐந்தாறு படி இறங்கினால் இரண்டாம் சுற்றில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்பதுக்கு விலை பேசப்போவது யார்? மிஷிகனின் ஜே.ஜே. மெக்கார்த்தி அதுவரை மிஞ்சியிருந்தால், 11-ல் நிற்கும் மின்னசோட்டா கதவைத் தட்டும். மெக்கார்த்தி எங்கள் ஊர்ப் பையன், லக்ரேஞ்ச் பார்க்கில் வளர்ந்தவர். எங்கள் பிரிவிலேயே இருக்கும் எதிரிக்கு, எங்கள் ஊர்க் குவார்ட்டர்பேக்கை நாங்களே எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கு இரண்டு முறை அவரை எதிர்த்து ஆடுவதா? எந்தத் தேர்வுக்கு எவ்வளவு மதிப்பு என்று அவர்கள் கூட்டிப் பார்க்கும் பட்டியலில் ரசிகர்களின் வயிற்றெரிச்சலுக்கு எண் போடவில்லை. பன்னிரண்டில் இருக்கும் டென்வர் கேட்டால் பேசலாம். பேசத்தான்.

அப்படியென்றால் கடைசியில் என்ன நடக்கும் என்கிறீர்களா? ஒடுன்சே அங்கே இருந்தால் போல்ஸ் அவரைத்தான் எடுப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. புதிய குவார்ட்டர்பேக் வந்த வீட்டுக்குப் பளபளப்பான ரிசீவர் வருவதை எந்த மேலாளரும் மறுக்க மாட்டார்; விளம்பரப் பலகைக்கும் அதுதான் அழகு. எடுத்தால் நான் எரிச்சல்படுவேன், மறுநாள் காலை அவருடைய பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒன்பதில் ரிசீவர் வந்தால் 75-ல் கண்டிப்பாக டேக்கிள். இந்த ஆண்டு டேக்கிள்கள் அடர்த்தி. மூன்றாம் சுற்றிலும் ஓராண்டு பயிற்சி கொடுத்தால் தேறும் ஆள் ஒருவர் கிடைப்பார். என் விருப்பப்படி ஒன்பதில் டேக்கிள் வந்தால் 75-ல் ரிசீவர். 122-ஆவது தேர்வு, சென்ற ஆண்டு ரைட்டை எடுத்தபோது ஒரு படி இறங்கியதற்காக ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் கொடுத்த கூலி. அதில் யாரை எடுத்தாலும் எனக்குச் சம்மதம், பந்தை உதைக்கிறவரைத் தவிர. நான்கே நான்கு தேர்வுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதில் ஒன்றை உதைக்கிறவருக்குச் செலவழிக்கும் அளவுக்கு நாங்கள் இன்னும் வசதியான வீடு இல்லை.